ஃபிட்டர் ஷெட்டில் வாய் அளந்த கதை

முப்பது அரங்கள் ஒன்றாக இரும்பைத் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவே நின்று "நேர்காணலில் கைகுலுக்குவது எப்படி" என்று பாடம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அன்றைக்கு என் நிலைமை புரியும். வகுப்பறையில் மின்விசிறி எரிந்துபோனதால் என்னை ஃபிட்டர் ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் கத்தினேன். பையன்கள் வைஸில் இரும்புத் துண்டை இறுக்கி அரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காதிலும் என் குரல் விழவில்லை என்பது உறுதியானதும் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கை ஓடிக்கொண்டிருக்கிறது. கண் இரும்பை விட்டு நகரவில்லை. கால்கூட முன்னும் பின்னும் ஆடி உடம்பின் பாரத்தை அரத்துக்குத் தள்ளுகிறது. வாய்க்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. அந்தச் சும்மா கிடந்த வாய்களில் பாதிக்கு ஒரு பக்கக் கன்னம் உப்பிப்போய் இருந்தது.

உள்ளே இருப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பளபளவென்று காகிதம் சுற்றிய இனிப்புப் பாக்குப் பொட்டலம். சிலதில் புகையிலையும் கலந்திருக்கும். பஸ் நிறுத்தத்துக் கடையில் பிஸ்கட் ஜாடிக்குப் பின்னால் கை விட்டால் கிடைக்கும். கன்னத்தில் அதக்கிக்கொண்டால் அரம் போடுகிற அலுப்பு தெரியாது என்பது பையன்களின் கணக்கு.

நான் அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலைவாய்ப்புத் திறன் சொல்லிக்கொடுக்கிறவள். சமூகப் பணி படித்து முடித்த சூட்டோடு வந்து சேர்ந்தேன். வீடு பழனிசெட்டிபட்டியில். அப்பாவுக்குத் தேனி பஜாரில் மளிகைக் கடை. பையன்களைப் பொறுத்தவரை என் பீரியடு தூங்குவதற்காக அரசாங்கம் கொடுத்த பீரியடு. இருந்தாலும் "மிஸ்ஸு, மிஸ்ஸு" என்று பாசமாகத்தான் தூங்குவார்கள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கமே போயிற்று. ஒவ்வொரு டிரேடுக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட பரவசம். எலக்ட்ரீசியன் பையன்களில் ஒருவன் ஏணியில் ஏறினால் மற்றவர்கள் கீழே நிற்க வேண்டும். நிற்கிறவன் கைக்கு சிகரெட் வருகிறது. டீசல் மெக்கானிக் ஷெட்டில் தீக்குச்சி கிழித்தால் எல்லோரும் ஒன்றாகப் பரலோகம். அதனால் அவர்கள் சாயங்காலம்வரை பொறுத்து, மொத்தமாகச் சேர்த்துவைத்து ஊதுவார்கள். ஃபிட்டருக்கு இரண்டு கையும் அரத்தின் மேல். முதல் வருடம் மாதக்கணக்கில் ஒரே வேலை, ஒரே இரும்பு, ஒரே சத்தம். அதனால் கன்னம். பஸ்ஸில் பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "நல்லா இருத்தா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

இதற்கு முன்னாலும் நான் சும்மா இருந்ததில்லை. கருத்துப்போன நுரையீரல் படத்தைத் திரையில் காட்டியிருக்கிறேன். பையன்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"மிஸ்ஸு, இது சிகரெட்டு குடிக்கிறவக நுரையீரலு. நாங்க வாயிலதான வைக்கிறோம்? நமக்கு இந்தப் படம் செல்லாது."

"பாக்கு மரத்துல காய்க்கிறது மிஸ்ஸு," என்றான் இன்னொருவன். "கல்யாண வீட்டுல தட்டுல வச்சுக் கும்புட்டுக் குடுக்குறாக. அம்புட்டுப் பேரும் கெட்டாபோனாக?"

வாதம் செய்து ஜெயிக்க முடியாத இடம் அது. இப்போது என்னிடம் வாதம் இல்லை, யோசனை இருந்தது: சும்மா கிடக்கிற வாய்க்கு வேறொரு வேலை கொடுத்துவிட வேண்டும். என்ன கொடுக்கலாம்? போடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கு யோசிக்கவா வேண்டும்? ஏலக்காய்.

அப்பா கடையில் உடைந்த ஏலக்காய் ஒரு டப்பாவில் கிடக்கும். அதை அள்ளிப் பையில் போடும்போது மாட்டிக்கொண்டேன்.

"ஆத்தா, என்ன பண்ணுற?"

"பசங்களுக்குப்பா. பாக்குக்குப் பதிலா மெல்லுறதுக்கு."

"ஏலக்காயை அள்ளி அள்ளிக் குடுக்க நீ என்ன எஸ்டேட்டு மொதலாளி மகளா? ஒங்கப்பன் கடையில நானே டீக்கு ஒண்ணு போட யோசிக்கிறேன்." சொல்லிக்கொண்டே டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டார். "சர்ச்சுல கேட்டா தர்மம்னு சொல்லு. அம்மா கேட்டா நான் பாக்கலன்னு சொல்லு."

ஏலக்காய் ஷெட்டில் அமோகமாக ஓடியது. "மிஸ்ஸு, இன்னும் ரெண்டு" என்று கையை நீட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து டீசல் மெக்கானிக் ஷெட்டுக்குக் கிராம்பு என்று திட்டம்கூடப் போட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஃபிட்டர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபிட்டர் சாருக்கு மூக்குதான் ஆயுதம். இடைவேளை முடிந்ததும் ஷெட் வாசலில் நிற்பார். ஒவ்வொருவனும் அவர் முன்னால் நின்று "ஹா" என்று ஊத வேண்டும். வாசனை தட்டினால் முதல் தடவை வீட்டில் இருந்து ஆள் வர வேண்டும். இரண்டாம் தடவை ஷெட்டை விட்டு வெளியே. கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வரும்போது பெயரும் போகாது. சார் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அது.

ஒரு நாள் என்னை ஷெட்டுக்கு வெளியே கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏத்தா, எம் மூக்குக்கு என்ன பண்ணி வச்சிருக்க?"

"சார்?"

"இருவத்தஞ்சு வருச மூக்கு. ஒருத்தனைத் தப்ப விட்டதில்ல. இப்ப என்னடான்னா ஒவ்வொருத்தனும் ஊதுறப்ப பாயசம் மணக்குது. ஷெட்டா, சமையக்கட்டா இது? ஒருத்தனையும் புடிக்க முடியல!"

பாக்கைத் துப்பிவிட்டு ஏலக்காயைக் கடித்துக்கொண்டு வந்து ஊதியிருக்கிறார்கள். நான் பாக்குக்குப் பதில் என்று கொடுத்தது பாக்குக்குத் துணையாகிவிட்டது. பஸ் நிறுத்தக் கடைக்காரர்கூட ஏலக்காயும் பொட்டலமும் சேர்த்து விற்க ஆரம்பித்துவிட்டாராம். என் திட்டம் அவர் வியாபாரத்தைத்தான் வளர்த்திருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு டப்பாவை எனக்கு எட்டாத தட்டில் ஏற்றிவைத்தார்.

இது நடந்து கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. லேத் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அரங்களையெல்லாம் துடைத்து வரிசையாக அடுக்கி, பூஜை முடிந்ததும் ஒரு போட்டி நடக்கும். ஒரு முழு லட்டை உடைக்காமல் அப்படியே வாய்க்குள் போட வேண்டும். போட்டவன்தான் மறுநாள் காலையில் லேத்தை முதலில் ஓட்டுவான். அது பெரிய கௌரவம். போன வருடம் அதை வாங்கியவன் வடுகபட்டிப் பையன். அப்போது முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தான்.

வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் பெரிது. அவன் அப்பா அம்மா இருவரும் பூண்டு மண்டியில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவர்கள். "மிஸ்ஸு, சார் என்னிய ஊதச் சொன்னா அவருதான் மயங்கி விழுவாரு, எங்க வீட்டு வாசனை அப்படி" என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வான். ஆனால் அரம் பிடித்தால் அவன்தான். அவன் தேய்த்த பரப்பின் மேல் மட்டச்சட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவே ஒரு கோட்டு வெளிச்சம்கூட வராது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருகிறது, அதற்கு முதல் பெயராகப் போகப்போவது இவன் பெயர்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த வருடம் அவன் முறை வந்தபோது ஷெட்டே கைதட்டியது. லட்டை எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோனான். போகவில்லை. திருப்பிப் பிடித்தான். போகவில்லை.

"ஏலே, என்னலே ஆச்சு? லட்டு பெருத்துருச்சா, வாய் சிறுத்துருச்சா?"

"லட்டுதான்டா பெருசு," என்றான் அவனும் சிரித்துக்கொண்டே. "போன வருசம் வேற கடை."

"மாப்ள, கம்பெனியில வேலைக்குப் போறோம்னு இப்பவே வாயைச் சுருக்கிட்டான்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவன் லட்டைப் பிட்டுப் பிட்டுத் தின்றான். பிறகு மிக்சர் கொடுத்தார்கள். ஒரு வாய் போட்டதும் கண் கலங்கி, தண்ணீர்க் குழாயைப் பார்த்து ஓடினான். மிளகாயை வெறும் வாயில் கடிக்கிற ஊர்க்காரனுக்கு மிக்சர் உறைக்கிறது. அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுபோனது. பாக்கு போடுகிறவர்களின் கன்னம் உள்ளே இறுகிப்போகும், காரம் தாங்காது, வாய் திறக்கிற அளவு குறைந்துகொண்டே வரும் என்று படித்திருந்தேன். பார்ப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு என்பதும் ஞாபகம் வந்தது.

அவனை மட்டும் கூப்பிட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்வான். அதனால் எல்லோரையும் பார்த்து, "அடுத்த போட்டி! நடு மூணு விரலையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, முன் பல்லுக்கு நடுவுல விடுங்க பார்ப்போம்" என்று கத்தினேன்.

சந்தனம் பூசிய லேத் மெஷினைச் சுற்றி நின்று ஒரு ஷெட் முழுக்கப் பேர் வாய்க்குள் விரல் விட்டுக்கொண்டு நின்ற காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஃபிட்டர் சாரும் விட்டார். "ஏத்தா, இது பூசையா கூத்தா?" என்று விரலை எடுக்காமலேயே கேட்டார். பெரும்பாலான பையன்களுக்குப் போயிற்று. சிலர் கொஞ்சம் திணறினார்கள். வடுகபட்டிப் பையன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். நான் பக்கத்தில் போனேன். இரண்டு விரல் போயிருந்தது. மூன்றாவது வெளியே நின்றது.

"எம் வெரலு தடிமனு மிஸ்ஸு. பூண்டு உரிச்ச வெரலு," என்றான்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவனே வந்தான். கூட்டாளிகளை முந்தின பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்திருந்தான்.

"மிஸ்ஸு, அது பெருசா ஏதுமா?"

"தெரியல. டாக்டர் பாக்கணும். நாளைக்கே போவோம்."

"போனா சாருக்குத் தெரிஞ்சிரும். ஏற்கெனவே ஒரு தடவை ஊதி மாட்டி எங்க அய்யா வந்து நின்னுட்டுப் போயிட்டாரு. இன்னொரு தடவைன்னா கம்பெனிக்குப் போற பேரை அடிச்சிருவாக."

"வாய் தொறக்காமப் போச்சுன்னா கம்பெனியில போயி என்ன செய்வ?"

"ஃபிட்டருக்கு வாய் எதுக்கு மிஸ்ஸு? கை போதும்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் அவனும் நிறுத்திக்கொண்டான். பஸ் வந்து நின்று, போயும் விட்டது. இருவரும் ஏறவில்லை. கடைசியில், "புதன்கெழமை வாரேன். சாருக்கிட்ட காய்ச்சல்னு சொல்லிக்கிருவேன். நீங்க தனியா வாங்க, நான் தனியா வாரேன். சேந்து வந்தா ஊரு வேற கதை கட்டிரும்" என்றான்.

பெரியாஸ்பத்திரியில் பல் மருத்துவர் ஒரு சுறுசுறுப்பான பெண். "ஆ காட்டு. இன்னும். இன்னும். அம்புட்டுதானா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"பாக்கு மட்டுந்தான் மேடம். பொகையில இல்லாததாப் பாத்துத்தான் வாங்குவேன்," என்றான் இவன், ஏதோ சலுகை கிடைக்கும் என்பதுபோல.

"பாக்கே போதும்ப்பா, இதுக்கு வேற ஆள் துணை வேண்டாம். கையுறை தாரேன், நீயே உள்ள கன்னத்தைத் தடவிப் பாரு. எப்படி இருக்கு?"

தடவினான். முகம் மாறியது. "கயிறு மாதிரி இருக்கு மேடம்."

"அந்தக் கயிறுதான் ஒன் வாயை இழுத்துக் கட்டுது. இன்னைக்கே விட்டேன்னா இதோட நிப்பாட்டிப் பாக்கலாம். கட்டுன கயிறு முழுசா அவுந்துருமான்னு கேட்டா, மாட்டேங்கும். விடலன்னா இன்னும் இறுகும். புத்துநோய் வரைக்கும் போறதுக்கு வழி இருக்கு." பிறகு மாத்திரை எழுதிக்கொடுத்து, ஐஸ் குச்சி மாதிரி தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டச் சொன்னார். மாதா மாதம் வந்து காட்டவும் சொன்னார்.

வெளியே வந்ததும் அழுவான் என்று நினைத்தேன். அவன் அந்தக் குச்சிகளை வெயிலில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மட்டமே இல்ல மிஸ்ஸு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கனம். இத வச்சு அளந்தா எப்படிச் சரியா வரும்?"

அடுத்த வாரம் அவன் சட்டைப் பையில் ஒரு வேப்பங்கட்டை இருந்தது. ஆப்பு மாதிரி, ஆனால் படி படியாக வெட்டியது. ஒவ்வொரு படியும் முந்தினதைவிட ஒரு நூல் உயரம். அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, வெர்னியர் அளவுகோல் வைத்துச் சரிபார்த்திருந்தான். பல்லுக்கு நடுவே எந்தப் படிவரை போகிறது என்று தினமும் காலையில் பார்ப்பானாம். "கசக்கும் மிஸ்ஸு. கசந்தா பாக்கு நெனப்பு வராது" என்றான். ஆனால் நினைப்பு வரத்தான் செய்தது. முதல் வாரம் தலைவலி, எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான், பாதி முடித்த ஒரு நல்ல இரும்புத் துண்டைக் கோணலாகத் தேய்த்துத் தானே தூக்கி எறிந்தான். அதற்கப்புறம் ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டியபோது கை தன்னால் போய்விட்டது என்று மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "துப்பிட்டேன் மிஸ்ஸு. கொஞ்ச நேரம் கழிச்சு."

போன வெள்ளிக்கிழமை ஃபிட்டர் சார் அந்தக் கட்டையைப் பிடித்துவிட்டார். நான் ஷெட்டுக்குள் நுழையும்போது அது அவர் கையில் இருந்தது. அவன் எதிரே நின்றான்.

"என்னலே இது?"

சார் கட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தார். படிகளின் மேல் நகத்தை ஓட்டினார். "மூணாவது படியில மூலை மழுங்கியிருக்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. யாரு குடுத்த டிராயிங்? எதுக்கு இது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது அவன் சொல்ல வேண்டியது.

"வாய் அளக்குறதுக்கு சார்," என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்பத்திரி, கயிறு, காய்ச்சல் என்று சொன்ன பொய் உட்பட. அரச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பெயர் போகுமா போகாதா என்பது அந்தக் கட்டையைப் பிடித்திருந்த கையில் இருந்தது.

சார் என் பக்கம் திரும்பினார். "ஒனக்கும் தெரியும். எங்கிட்ட சொல்லல."

"சொன்னா விரட்டிருவீகன்னு பயம் சார்."

"விரட்டத்தான் செய்வேன். அதுக்குத்தான் சட்டம்." கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப இவங்க அய்யாவைக் கூப்புட்டு என்னத்தச் சொல்ல? ஒங்க மகன் பாக்கு போட்டான், ஆஸ்பத்திரிக்குப் போனான், விட்டுட்டான், அதுக்காக வெளிய அனுப்புறேன்னா? கேக்குறதுக்கே நல்லா இல்லையே."

இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டேன். ஊதச் சொல்வதால்தான் பையன்கள் ஒளிக்கிறார்கள் சார், ஏலக்காய்க்கே அப்படி ஓடினார்களே, வாசனையைப் பிடிக்கிற நேரத்தில் வாயைப் பார்த்தால் அது இரண்டு விரல் அளவுக்குச் சுருங்குவதற்கு முன்னாலேயே தெரியுமே என்று மூச்சு விடாமல் பேசினேன்.

"ஊதுறதை நிப்பாட்டுனா ஷெட்டு வெத்தலைக் கடையாயிரும்த்தா."

"ஒரு வாரம் சார். ஒரே ஒரு வாரம்."

பேரம் அரைமணி நேரம் நடந்தது. முடிவு இது: வடுகபட்டிப் பையனின் பெயர் கம்பெனிக்குப் போகும். ஆனால் அதுவரை மாதக் கடைசியில் டாக்டரிடம் காட்டி வர வேண்டும், இன்னொரு தடவை பொட்டலம் கண்ணில் பட்டால் பெயர் இல்லை. வருகிற வாரம் ஊதுவது கிடையாது. முதல் வருடப் பையன்கள் சனிக்கிழமைக்குள் ஆளுக்கொன்றாக அதே மாதிரி படி வைத்த கட்டை செய்து முடிக்க வேண்டும். "மொதல்ல இரும்பு, அப்புறந்தான் கட்டை" என்று சார் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, அப்புறம் அவரே உட்கார்ந்து அளவு போட்டு டிராயிங் வரைந்தார். படி குறைகிறவனை விரட்டக் கூடாது, வீட்டில் இருந்து ஆள் கூப்பிடக் கூடாது. புதன்கிழமை என்னோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். சட்டத்தில் சார் ஒரு வரி சேர்த்தார்: "மூலை மழுங்குன கட்டைக்கு மார்க்கு கிடையாது."

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் நிற்கப்போவது வடுகபட்டிப் பையன். என்ன சொல்லப்போகிறாய், நான் வேண்டுமானால் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன் மிஸ்ஸு. கட்டையை வச்சு, வாயைத் தொறந்து காட்டுவேன். எதுவரைக்கும் போகுதுன்னு அவிங்களே பாத்துக்கிரட்டும்."

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கட்டைகளையெல்லாம் வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். கேண்டீன் அக்காவிடம் சாம்பார் அண்டாவைக் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீ போடுகிற பழைய பாய்லரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கள் காலை முதல் பஸ்ஸில் போனால்தான் தண்ணீர் கொதிக்க நேரம் சரியாக இருக்கும்.